எங்கள் கவுன்சிலரை எதிர்த்து யாராவது நில்லுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவர் மேல் எந்தக் கோபமும் இல்லை. நாளைக்கே தேர்தல் வைத்தாலும் என் ஓட்டு அவருக்குத்தான். அந்த ஓட்டைப் போட வழியே இல்லாமல் போனதுதான் என் குறை.

நாங்கள் இருப்பது வேல்ஸின் கிழக்கு எல்லையோரம். எட்டாம் நூற்றாண்டில் மெர்சியா என்ற பழைய ஆங்கில நாட்டை ஆண்ட ஆஃபா எழுப்பிய மண்கரை இந்தப் பக்கமாகத்தான் போகிறது. அதைத் தொடர்ந்து செப்ஸ்டோவிலிருந்து பிரஸ்டாட்டின் கடற்கரை வரை 177 மைல் நடைபாதை ஒன்றை 1971இல் திறந்தார்கள். கோடையில் முதுகுப்பையோடு ஆட்கள் வந்து பப்பில் பூட்ஸைக் கழற்றிக் காலை ஆற்றிக்கொள்வார்கள். மற்ற மாதங்களில் நாங்களும் ஆடுகளும்தான். வேல்ஸ் முழுக்கவே மனிதர்களைவிட ஆடுகள் மூன்று மடங்குக்கு நெருக்கமாக இருக்கும். எங்கள் பக்கத்தில் அந்தக் கணக்கு இன்னும் மோசம்.

இங்கே கவுன்சிலர் பொதுமக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு 'சர்ஜரி' என்று பெயர். வந்த புதிதில் ஊர் ஹால் கதவில் 'கவுன்சிலர் சர்ஜரி, வெள்ளி மாலை 6 மணி' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து, பாவம் மனுஷனுக்கு என்ன ஆபரேஷனோ, அதை எதற்கு நோட்டீஸ் அடித்துச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை சர்ஜரிக்கு யாரும் பெரிதாக வருவதில்லை. அவருடைய உண்மையான சர்ஜரி மாதத்தின் முதல் சனிக்கிழமை நடக்கிறது. காலை 10 மணிக்கு ஹால் வாசலில் கூடி, வார்டுக்குள் இருக்கும் ஏதாவது ஒரு வயல்வழிப் பாதையில் ஐந்தாறு மைல் நடப்போம். மழை பெய்தாலும் நடப்போம். மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் இந்த ஊரில் ஒருவரும் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது.

இந்தப் பாதைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேல்ஸில் 20,000 மைலுக்கு மேல் பொதுவழிகள் இருக்கின்றன. பெரும்பாலும் தனியார் நிலத்துக்குள்ளேயே போகின்றன. ஒருவருடைய மேய்ச்சல் நிலத்தின் நடுவே, இன்னொருவருடைய கொட்டகை ஓரமாக, சில இடங்களில் வீட்டு முற்றத்தின் வழியாகவே. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி தயாரித்த வரைபடத்தில் ஒரு பாதை ஏறிவிட்டால், நிலம் எத்தனை கை மாறினாலும் பாதை அங்கேயே இருக்கும். வயலின் குறுக்கே போகும் பாதையை உழுதால் 14 நாளுக்குள் பழையபடி சரிசெய்து தர வேண்டும். வேலியைத் தாண்ட வைத்திருக்கும் மரப்படியைப் பராமரிப்பது நிலத்துக்காரர் பொறுப்பு. செலவில் குறைந்தது கால் பங்கைக் கவுன்சிலிடம் கேட்டு வாங்கலாம். ஸ்டைல் என்பார்கள் அந்தப் படியை, வெல்ஷில் கம்வா. நம் ஆள் இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

போன மார்ச்சில் ஒரு நடை. ஒரு கம்வாவின் கீழ்ப்பலகையை அவர் கட்டைவிரலால் அழுத்தினார். டீயில் ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போனது. சட்டைப் பையிலிருந்து ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு சின்ன நோட்டு, நூலில் கட்டிய பென்சில். பாதை எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு இடுப்பில் தொங்கிய கத்தரியை எடுத்துப் படியை மூடியிருந்த பிளாக்பெர்ரி முட்கொடிகளை வெட்ட ஆரம்பித்தார். அதற்குள் நிலத்துக்காரர் குவாட் பைக்கில் வந்துவிட்டார். பாதி பேர் சண்டை வரப்போகிறது என்று தள்ளி நின்றோம். இருவரும் ஆட்டுக்குட்டி விலை, பள்ளத்து வயலில் தேங்கும் தண்ணீர், யாருடைய அம்மாவுக்கோ இடுப்பு எலும்பு ஆபரேஷன் என்று இருபது நிமிஷம் பேசினார்கள். கிளம்பும்போது நிலத்துக்காரர் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு "புதன்கிழமை" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் போனபோது புதுப் பலகை, கோழிவலை கூட அடித்திருந்தது, வழுக்காமல் இருக்க.

இப்படிப்பட்ட ஒருவரை எதிர்த்து யார் நிற்பார்கள்? யாரும் நிற்கவில்லை. 2022 மே 5 தேர்தலில் எங்கள் வார்டில் ஒரே ஒரு மனு. 'போட்டியின்றித் தேர்வு' என்று ஒரு தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். வாக்குச்சாவடியே திறக்கவில்லை. எங்கள் ஊர் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். அந்த ஆண்டு வேல்ஸில் 74 கவுன்சிலர்கள் ஒரு ஓட்டுகூட விழாமல் பதவிக்கு வந்தார்கள். வடமேற்கில் இருக்கும் குவினெத் கவுன்சிலில் மட்டும் 69 இடங்களில் 28.

எனக்கு இது உறைத்தது மகளால். கவுன்சில் தேர்தலில் 16 வயதுக்காரர்கள் ஓட்டுப் போடலாம் என்று வந்த பிறகு நடந்த முதல் தேர்தல் அது. அவளுக்கு அப்போதுதான் 16 முடிந்திருந்தது. கார்டு வருமா, பென்சிலால்தான் குறியிட வேண்டுமாமே, பேனா கொண்டுபோகலாமா என்று ஒரு மாதம் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்த எனக்கே இங்கே ஓட்டு உண்டு. காமன்வெல்த் குடிமக்களுக்கு உரிமை இருக்கிறது என்று ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆக வீட்டில் மூன்று ஓட்டு. மூன்றும் வீண். "அப்போ யார் ஜெயிச்சதுன்னு யார் முடிவு பண்ணினாங்க?" என்று கேட்டாள். யாரும் முடிவு பண்ணவில்லை என்பதுதான் பதில்.

பப்பில் இதைச் சொன்னால் ஒரே பதில்தான்: நல்ல மனுஷன் இருக்கும்போது தேர்தல் எதற்கு, வீண் செலவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை என்பதையும் சேர்த்து யோசித்தால் அவ்வளவு நியாயமாக இல்லை.

யாரும் முன்வராததற்குப் பணம் காரணமில்லை. டெபாசிட் கிடையாது. 2022இல் கவுன்சிலர் சம்பளம் ஆண்டுக்கு 16,800 பவுண்ட். பெரிய தொகை இல்லை, கேவலமும் இல்லை. ஆனால் சின்ன ஊரில் ஒருவரை எதிர்த்து மனுப் போடுவது அவர் முகத்துக்கு நேரே 'நீ சரியில்லை' என்று சொல்வது மாதிரி ஆகிவிடுகிறது. ஒரே பப், ஒரே ஹால், ஒரே இடுகாடு. அப்புறம் திட்டு. 2023 செப்டம்பரில் ஊர்ச்சாலைகளில் வேகம் 20 மைல் என்று வந்தது கார்டிஃபில் செனட், அதாவது வேல்ஸ் நாடாளுமன்றம், எடுத்த முடிவு. அதை எதிர்த்த மனுவில் 4,69,571 கையெழுத்து. பப்பில் மாட்டிக்கொண்டதோ எங்கள் கவுன்சிலர். தேர்தல் முறையை மாற்றினால் சரியாகும் என்கிறார்கள் சிலர். விருப்ப வரிசை முறைக்கு மாறிக்கொள்ள 2021ஆம் ஆண்டுச் சட்டமே கவுன்சில்களுக்கு வழிவிட்டிருக்கிறது. நல்லதுதான். வரிசைப்படுத்த ஒரே ஒரு பெயர் இருந்தால் என்ன செய்வது?

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. இந்தக் கவுன்சிலுக்குக் கீழே நம்மூர் ஊராட்சி மாதிரி கம்யூனிட்டி கவுன்சில்கள் இருக்கின்றன, வேல்ஸில் 700க்கு மேல். பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்புப் பெட்டி காலியாக இருக்கிறது என்று புகார் சொல்ல எங்கள் கம்யூனிட்டி கவுன்சில் கூட்டத்துக்கு ஒருநாள் போனேன். ஓர் இடம் மாதக்கணக்காகக் காலியாக இருந்ததாம். திரும்பி வரும்போது நான் உறுப்பினர். ஒருவரும் எனக்கு ஓட்டுப் போடவில்லை. மாதம் ஒன்றரை மணி நேரம் பெஞ்சுக்கு என்ன பெயிண்ட், நாய்க்கழிவுத் தொட்டியை எங்கே வைப்பது என்று பேசுகிறோம். 'உன்னை யார் தேர்ந்தெடுத்தது' என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால்கூட ஆறுதலாக இருக்கும்.

வெல்ஷில் குனெவின் என்று ஒரு சொல் இருக்கிறது. நமக்குப் பழகிய, நம்மைத் தனக்கு உரியவராக்குகிற நிலம். மலை ஆடுகளுக்கும் அதே சொல்தான். வேலியே இல்லாத மலையில், தாய் மேய்ந்த எல்லைக்குள்ளேயே குட்டியும் மேயும், எல்லை தாண்டாது. எங்கள் கவுன்சிலரைப் பற்றி யோசிக்கும்போது அந்தச் சொல் எனக்கு இரண்டு விதமாகவும் வருகிறது.

ஏனென்றால் ஊரின் கீழ்க்கோடியில் சில வருஷங்களுக்கு முன் நாற்பது வீடுகள் கட்டினார்கள். அதற்குள் எந்தப் பொதுவழியும் போகவில்லை. ஆகவே எங்கள் நடையும் போகவில்லை. அங்கே இருப்பவர்கள் விடிவதற்கு முன் ஹியர்ஃபர்டுக்கோ ஷ்ரூஸ்பரிக்கோ வேலைக்குக் கிளம்பி இருட்டிய பிறகு வருகிறவர்கள். சனிக்கிழமை ஆறு மைல் சேற்றில் நடக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? அந்த வீடுகளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் சாலையோர நடைபாதை பாதியிலேயே நின்றுவிடுகிறது. மீதித் தூரம் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ரோட்டில்தான் நடக்க வேண்டும். ஒரு தாய் என் மனைவியிடம் சொல்லித்தான் எனக்கே தெரியும். யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கவுன்சிலர் யார் என்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கவுன்சிலர் பெயர் போட்ட ஒரு துண்டறிக்கைகூட அந்தக் கதவுக்குள் விழுந்ததில்லை.

இரண்டு பேர் நின்றிருந்தால் விழுந்திருக்கும். கணுக்கால் உயரத்தில் இருக்கும் தபால் துவாரத்தில், பிரஷ் மயிருக்கு நடுவே கையை விட்டு, உள்ளே இருக்கும் நாய்க்கு விரலைக் கொடுக்காமல் தாளைத் தள்ளியிருப்பார்கள். நாற்பது கதவில் ஐந்து திறந்திருக்கும். ஐந்தில் ஒன்று அந்தத் தாயுடையதாக இருந்திருக்கும்.

2027 மேயில் அடுத்த தேர்தல். போன வாரம் நடையின்போது தைரியமாக அவரிடமே சொல்லிவிட்டேன், உங்களை எதிர்த்து ஒருவர் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஆனால் ஓட்டு உங்களுக்குத்தான் என்று. சிரிப்பார் அல்லது முறைப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. கத்தரியை மடக்கி இடுப்பில் மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார்.

"அப்படியானால் வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும்" என்றார். பிறகு கீழே கூரைகள் தெரிந்த பக்கம் கையைக் காட்டி, "அந்த வீடுகளுக்கு உள்ளே போக வழி எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.