டிடி 214 மட்டும் போதாது

இணையத்தில் ஒருவர், "அமெரிக்க ராணுவத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர் வெளியே வந்ததும் டிடி 214 விடுவிப்புச் சான்றைக் காட்டினால் போதும், பரீட்சையே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். அது தவறு.

அந்தத் தாள் நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று சொல்லும், அவ்வளவுதான். கேஜ் மாட்டி கேஸைத் தொட வேண்டுமானால், தூய காற்றுச் சட்டம் 608-ஆம் பிரிவின்படி ஈபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) அங்கீகரித்த தேர்வில் தேறியிருக்க வேண்டும். ஃபிரிட்ஜ், ஜன்னல் ஏசி போல 5 பவுண்டுக்குள் கேஸ் உள்ளவை முதல் வகை. வீட்டு ஸ்பிளிட் ஏசி இரண்டாவது. பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கும் குறைந்த அழுத்தச் சில்லர் மூன்றாவது. மூன்றும் சேர்ந்தால் யுனிவர்சல். ராணுவ வண்டிகளின் ஏசி பார்த்தவர்கள் பலரிடம் இருப்பது வண்டி ஏசிக்கான 609 சான்று. அதை வைத்துக்கொண்டு வீட்டு ஏசியில் கை வைக்க முடியாது.

ஆனால் தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன் பழைய ஃபைலைப் புரட்டிப் பாருங்கள். பயிற்சிக் காலத்திலேயே 608 எழுதி மறந்துபோனவர்கள் உண்டு. அதற்குக் காலாவதி கிடையாது.

மாநில உரிமம் தனிக் கதை, ஊருக்கு ஊர் மாறும். டெக்சாஸ் ராணுவ அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

அப்புறம், இன்னும் சீருடையில் இருப்பவர்கள் ஸ்கில்பிரிட்ஜ் என்ற ராணுவப் பயிற்சித் திட்டம் பற்றி மேலதிகாரியிடம் இப்போதே கேளுங்கள். அனுமதி கிடைத்தால், கடைசி 180 நாட்களுக்குள் ராணுவச் சம்பளத்திலேயே வெளி நிறுவனத்தில் பயிற்சி எடுக்கலாம்.