அடைத்தது யார் என்பதையும் சொல்லுங்கள்

அந்த மறையுரை வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் குழுக்கள் எல்லாவற்றிலும் இப்போது அதுதான் ஓடுகிறது. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயின் துறவியும் கவிஞருமான புனித சிலுவை யோவான் சிறையில் கடவுளைக் கண்டாராம், நாமும் துன்பத்தை அமைதியாக ஏற்க வேண்டுமாம். சரி, அவரைச் சிறையில் அடைத்தது யார்? அதை மட்டும் ஏன் சொல்லவில்லை?

அரசன் அடைக்கவில்லை. வேற்று மதத்தார் அடைக்கவில்லை. அவர் சேர்ந்திருந்த கார்மேல் துறவற சபையின் சொந்தச் சகோதரர்களே அடைத்தார்கள். அதே சபைக் கன்னியரான அவிலா தெரேசாவோடு சேர்ந்து சபையைச் சீர்திருத்த முயன்றதுதான் குற்றம். 1577 டிசம்பரில் ஓர் இரவில் பிடித்து, டொலேடோ நகரில் இருந்த சபை மடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆறடிக்குப் பத்தடி அறை. உயரத்தில் ஒரு சின்னத் துவாரம். ரொட்டி, தண்ணீர், சில நாள் ஒரு மத்தி மீன். மற்றவர்கள் சாப்பிடும் உணவறைக்கு இழுத்து வந்து, மேல் துணியை இறக்கி, சுற்றி நின்று கசையால் அடித்தார்கள். மாற்றுத்துணிகூடக் கொடுக்கவில்லை. பிறகு வந்த காவலர் ஒருவர் இரக்கப்பட்டுத் தாளும் மையும் கொடுத்தார். ஸ்பானிய மொழியின் மகத்தான கவிதைகளில் சில அந்த அறையில் பிறந்தவை. 1578 ஆகஸ்டில் போர்வையைக் கிழித்துக் கயிறாக்கி இறங்கித் தப்பினார். அமைதியாக ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, தப்பினார்!

அந்தக் காலத்தில் மடங்களில் சிறை வைப்பது வழக்கம்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வழக்கம்தான். அதனால் வலிக்காமல் போய்விடுமா?

என் சித்தி ஒரு கன்னியர். விடுதியில் சமைக்கும் அம்மாக்களுக்கு ஏன் இவ்வளவு குறைந்த சம்பளம் என்று கேட்டார். அந்த வருடமே மாற்றல். பார்க்கப் போனபோது பின்பக்கத் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பட்டதாரி ஆசிரியை அவர். பள்ளியைப் பற்றிக் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார். சித்தி இறந்து அடக்கம் செய்த அன்று 'கீழ்ப்படிதலின் சிகரம்' என்று புகழ்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

திருச்சபையை அவமானப்படுத்துகிறேன் என்பவர்களுக்கு: நானும் அதே திருச்சபையின் பிள்ளைதான். வெளியாளாக இருந்தால் எனக்கு எதற்கு இந்த வேதனை?

யோவானுக்கு அந்தச் சிறையோடும் முடியவில்லை. 1591-இல், தான் வளர்த்த சீர்திருத்தச் சபையே பொறுப்புகளைப் பறித்தது. அவர்மேல் பழி சேகரிக்க ஒருவர் மடம் மடமாக அலைந்தார். கால் புண்ணாகி உபேதா ஊர் மடத்தில் படுத்தபோது, வைத்தியச் செலவுக்கே முகம் சுளித்தார் அங்கிருந்த தலைவர். கடைசியில் அந்தத் தலைவர் மன்னிப்புக் கேட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 14-இல் யோவான் இறந்தார். அப்புறம் அந்த உடல் எங்களுக்குத்தான் என்று செகோவியா ஊரும் உபேதாவும் சண்டை போட்டன. 1726-இல் புனிதர் பட்டம், 1926-இல் மறைவல்லுநர், அதாவது திருச்சபையின் பேராசான் என்ற பட்டம். உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல படுக்கை கொடுத்திருக்கலாமே.

'ஜெபம் பண்ணுங்கள் சகோதரி' என்று கீழே எழுத வருகிறவர்களே, தினமும் பண்ணுகிறேன். மறையுரையில் அந்த உணவறையை ஏன் விட்டீர்கள் என்பதற்கு மட்டும் யாராவது பதில் எழுதுங்கள்.