சிரிப்பானும் வரையாடும்

நீலகிரி சிரிப்பான் என்ற பறவையையும் வரையாடு என்ற மலை ஆட்டையும் ஒரே வாழிடத்து உயிர்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சிரிப்பான் சோலை எனப்படும் மலைக்காட்டுக்குள் புதரோடு புதராகத் திரியும். அதன் வெள்ளைப் புருவம் கண்ணில் படுவதற்குள் மறைந்துவிடும், சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். வரையாட்டுக்கோ திறந்த புல்வெளியும் செங்குத்துப் பாறையும் வேண்டும். புல்வெளிகளில் சீகை (wattle) மரத்தை நட்டுத் தள்ளியபோது மேய்ச்சல் நிலத்தை இழந்தது ஆடுதான். மரம் நட்டால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று இன்னும் பேசுகிறார்களே, அதுதான் எரிச்சல்.

அப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயைக் கட்டுரை தொடவே இல்லை. அதற்குத் தெற்கே பழனி மலையில் இருப்பது வேறு இனச் சிரிப்பான். வரையாடு கணவாய்க்கு இரண்டு பக்கமும் ஒரே இனம். கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவில் சாலையோரமே நிற்கும். முதிர்ந்த கிடாயின் முதுகில் வெளிறிய சேணத் திட்டுகூடத் தெளிவாகத் தெரியும்.