கறுப்பு அட்டைக்கு முன்பணம் கட்டாதீர்கள்

"முன்பணம் கட்டினால் அமெக்ஸ் கறுப்பு அட்டை, செலவுக்கு வரம்பே இல்லை" என்று ராயபுரம், வண்ணாரப்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. பொய். கறுப்பு அட்டை என்பது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் (அமெக்ஸ்) 1999-இல் கொண்டுவந்த செஞ்சூரியன் அட்டை; அதை நிறுவனமே அழைத்துத்தான் தரும். அமெரிக்காவில் சேர்க்கைக் கட்டணம் மட்டும் 10,000 டாலர். அப்புறம் அந்த 'வரம்பில்லை': முன்கூட்டியே சொன்ன வரம்பு கிடையாது, அவ்வளவுதான். உங்கள் வருமானம், பழைய பாக்கியைக் கட்டிய விதம் பார்த்துத்தான் பெரிய செலவை அனுமதிப்பார்கள். இது சார்ஜ் கார்டு; மாதா மாதம் பில்லை முழுசாகக் கட்ட வேண்டும். விமான நிலைய ஓய்வறை, பயண ஏற்பாட்டுக்கு ஆள் என்று சலுகைகள் உண்மைதான். ஆனால் எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போனால், கல்லா பக்கத்தில் கியூஆர் அட்டைதான் நிற்கிறது. ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். ஓடிபி கேட்டால் யாருக்கும் சொல்லாதீர்கள்.