கருப்பொருளைத் தேடும் முன் காசோலையைப் பாருங்கள்

குடும்ப நாடகம் ஒன்று பாடத்திட்டத்தில் இருந்தால் மூன்று கேள்விகள் தவறாமல் வரும். நாடகத்தின் கருப்பொருள் யாது, முதன்மைப் பாத்திரத்தின் பண்புநலன்களை எழுதுக, ஆசிரியரின் நோக்கத்தை விளக்குக. மூன்றுக்கும் கைடுகளில் தனித்தனியே விடை அச்சிட்டிருக்கிறார்கள். அதை மனப்பாடம் செய்து எழுதும் மாணவருக்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. நாடகம் மட்டும் கைக்கு எட்டாமல் போய்விடுகிறது. இந்த மூன்றையும் பிரித்துக் கேட்பதுதான் கோளாறு என்பது என் எண்ணம். லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதிய 'எ ரெய்ஸின் இன் த சன்' என்ற அமெரிக்க நாடகத்தை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

1959 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் எத்தல் பாரிமோர் அரங்கில் அது தொடங்கியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் அடங்கிய பிராட்வேயில் அரங்கேறிய முதல் நாடகம் அது. அப்போது அவருக்கு வயது 28. கதை நடப்பது சிகாகோவின் தென்பகுதியில், பக்கத்துக் குடித்தனத்தோடு பொதுக் கழிப்பறையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு நெருக்கடியான வீட்டில். குடும்பத் தலைவர் உழைத்துத் தேய்ந்து இறந்துவிட்டார். அவருடைய காப்பீட்டுத் தொகை பத்தாயிரம் டாலர் தபாலில் வரப்போகிறது. விதவை லீனா, பணக்காரர் ஒருவரிடம் கார் ஓட்டும் மகன் வால்டர் லீ, வீட்டு வேலைக்குப் போகும் மருமகள் ரூத், மருத்துவம் படிக்க விரும்பும் மகள் பெனீத்தா, கூடத்துச் சோபாவில் படுத்துறங்கும் பேரன் டிராவிஸ் ஆகிய ஐவரும் அந்தக் காசோலைக்காகக் காத்திருக்கிறார்கள்.

'தள்ளிப்போடப்பட்ட கனவு' என்பதுதான் கருப்பொருள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நாடகத்தின் தலைப்பே லாங்ஸ்டன் ஹியூஸ் 1951-இல் வெளியிட்ட, தள்ளிப்போடப்பட்ட கனவு என்னவாகும், வெயிலில் உலர்திராட்சைபோல் வற்றிவிடுமா என்று கேட்கும் கவிதையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதால் விடை தவறில்லை. ஆனால் அந்த விடையை எழுத நாடகத்தைப் படிக்க வேண்டியதே இல்லை, அட்டையைப் பார்த்தால் போதும். மாணவர்களுக்கு நான் சொல்வது, கனவை விட்டுவிட்டுப் பணத்தைப் பின்தொடருங்கள் என்பதே. லீனா 3,500 டாலரை வெள்ளையர் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு முன்பணமாகக் கட்டுகிறார். மீதம் 6,500. அதில் 3,000 டாலரை பெனீத்தாவின் படிப்புக்காக வங்கியில் போட்டுவிட்டு மற்றதை உன் பெயரில் வைத்துக்கொள் என்று மகனிடம் கொடுக்கிறார். அவனோ மதுக்கடைக் கூட்டு வியாபாரத்துக்காக முழுத்தொகையையும் வில்லி ஹாரிஸ் என்ற நண்பனிடம் கொடுக்கிறான்; வில்லி ஊரைவிட்டே ஓடிவிடுகிறான். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், பத்தாயிரம் டாலர் என்பது ஒரு மனிதரின் உடல் உழைப்புக்கு அவர் இறந்த பிறகு கிடைத்த விலை என்பதும், அந்த விலையை எதற்குச் செலவிடலாம் என்பதில்தான் குடும்பத்தின் ஒவ்வொரு சண்டையும் மூள்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். ஒரு கட்டத்தில் லீனா, முன்பெல்லாம் விடுதலைதான் வாழ்க்கையாக இருந்தது, இப்போது பணம் வாழ்க்கையாகிவிட்டதா என்று வருந்துகிறார். எப்போதுமே பணம்தான், நமக்குத்தான் தெரியாமல் போயிற்று என்கிறான் மகன். கருப்பொருள் என்று ஒன்றைச் சொல்வதானால் நான் இந்த வாக்குவாதத்தைத்தான் சொல்வேன். அது ஒரு சொல்லில் அடங்குவதில்லை. இரண்டு பேரும் ஓரளவு சரி என்பதால் நாடகம் முடியும்வரை தீர்வதுமில்லை.

பாத்திரப் பண்புக்கும் இதே வழிதான். முதல் காட்சியில் ஒரு சின்னச் சம்பவம். பள்ளிக்கு ஐம்பது சென்ட் கொண்டுபோக வேண்டும் என்று டிராவிஸ் கேட்கிறான். இல்லை என்று ரூத் ஒரே பேச்சாகச் சொல்லிவிடுகிறாள். இல்லை என்பதைப் பிள்ளையிடம் ஏன் சொல்கிறாய் என்று மனைவியை முறைத்தபடி வால்டர் ஐம்பது சென்டை எடுத்துக் கொடுக்கிறான். அத்துடன் நிற்காமல், பழம் வாங்கிச் சாப்பிடவோ வாடகைக் காரில் பள்ளிக்குப் போகவோ என்று இன்னொரு ஐம்பது சென்டையும் கொடுக்கிறான். சிறிது நேரத்தில் வேலைக்குக் கிளம்பும்போது, போக்குவரத்துச் செலவுக்குக் கையில் காசில்லாமல் மனைவியிடமே வந்து நிற்கிறான். 'வால்டர் பொறுப்பற்றவன்' என்று எழுதினால் இந்தக் காட்சியில் பாதி விட்டுப்போகிறது. மகன் கண்ணில் தான் ஏழையாகத் தெரியக் கூடாது என்ற தவிப்பும், அந்தத் தவிப்புக்கான செலவை மனைவி தலையில் ஏற்றும் சுயநலமும் அவனிடம் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கின்றன. பின்னால் ஆயிரக்கணக்கில் அவன் செய்யப்போவதை முதல் காட்சியிலேயே சில்லறைக் காசில் செய்து காட்டிவிடுகிறான்.

லீனாவைப் பற்றி வரும் விடைகள் இன்னும் மோசம். தியாகத் தாய், குடும்பத்தின் தூண், பொறுமையின் வடிவம் என்றெல்லாம் அடுக்குகிறார்கள். கடவுள் இல்லை என்று சொன்ன மகளைக் கன்னத்தில் அறைந்து, என் தாயின் வீட்டில் கடவுள் இருக்கிறார் என்று திருப்பிச் சொல்ல வைத்த பெண் இவர். வீட்டில் ஒருவரையும் கேட்காமல் முன்பணம் கட்டியவரும் இவர்தான். அந்தச் செய்தி கேட்டு வால்டர் வேலைக்குப் போகாமல் மூன்று நாள் திரிந்த பிறகு, உலகம் உனக்குச் செய்ததையே நானும் செய்துவிட்டேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தக் குற்ற உணர்வில்தான் மீதிப் பணம் மகன் கைக்குப் போகிறது. அந்த இடத்திலும் பெனீத்தாவின் படிப்புப் பணம் அண்ணன் வழியாகத்தான் வங்கிக்குப் போக வேண்டும் என்று அவர் முடிவு செய்தது ஏன் என்று எந்தக் கைடும் கேட்பதில்லை. முதன்மைப் பாத்திரம் யார் என்ற கேள்வியும் இங்கே சிக்கலாகிறது. நாடகம் அரங்கேறிய அதே ஆண்டில் ஹான்ஸ்பெரி எழுதிய கட்டுரையொன்றில், நடுவில் நின்று முழு நாடகத்தையும் தாங்கும் ஒற்றைப் பாத்திரம் தன் படைப்பில் இல்லை என்பதை ஒரு குறையாகவே குறிப்பிட்டிருக்கிறார். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. ஒரு குடும்பத்தில் யார் முதன்மை என்பதுதானே அங்கே நடக்கும் சண்டை.

இனி ஆசிரியரின் நோக்கம். இந்தக் கேள்விக்கு முதலில் விடை எழுதியவர் அநேகமாக ஓர் உளவு அதிகாரியாகத்தான் இருக்கும். கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ராப்சனின் 'ஃப்ரீடம்' இதழில் வேலை பார்த்த இடதுசாரி என்பதால் ஹான்ஸ்பெரி எஃப்.பி.ஐ.யின் கண்காணிப்பில் இருந்தார். பிலடெல்பியாவில் முன்னோட்டமாக நாடகம் நடந்தபோது அந்த அமைப்பின் ஆள் ஒருவர் உட்கார்ந்து பார்த்து, கம்யூனிசம் பற்றி இதில் ஒன்றுமில்லை என்ற கருத்தில் அறிக்கை கொடுத்தார். வெளிப்படையான கோஷத்தைத் தேடியவருக்கு அது கிடைக்கவில்லை.

நம் மாணவர்களோ வாழ்க்கை வரலாற்றுக்குப் போகிறார்கள். ஹான்ஸ்பெரியின் தந்தை 1937-இல் வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்கினார், அதை எதிர்த்த வழக்கில் 1940-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, அந்த அனுபவத்தையே மகள் நாடகமாக்கினார் என்று முடித்துவிடுகிறார்கள். தகவல் சரி. ஆனால் நோக்கம் தெரிவது, வாழ்க்கையிலிருந்து ஆசிரியர் எதை எடுத்தார் என்பதைக் காட்டிலும் எதை மாற்றினார் என்பதில்தான். தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி சொத்து வணிகத்தில் செழித்தவர், வழக்கறிஞர் வைத்து உச்ச நீதிமன்றம்வரை போகக் கூடியவர். நாடகத்தில் வரும் குடும்பத்திடம் அந்த வசதி கிடையாது. வக்கீல் இல்லை, வழக்கில்லை, தந்தையே உயிரோடு இல்லை. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று வெள்ளையர் எழுதிக்கொண்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948-இல் வேறொரு வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அதனால்தான் புதிய பகுதியின் குடியிருப்போர் சங்கத்திலிருந்து வரும் கார்ல் லிண்ட்னர் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதில்லை. பணிவாகப் பேசி, நீங்கள் போட்ட பணத்துக்கு மேலேயே தருகிறோம், வர வேண்டாம் என்கிறார். ஒதுக்குதல் சட்டப் புத்தகத்திலிருந்து காசோலைப் புத்தகத்துக்கு மாறிவிட்டது. நீதிமன்றத்தில் வென்றால் தீர்ந்துவிடும் என்று தன் தந்தை நம்பியதை ஹான்ஸ்பெரி நம்பவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஹான்ஸ்பெரி விட்டுவிட்டது இன்னொன்றும் உண்டு. தந்தை வாங்கிய அந்த வீட்டுக்குக் குடிபோன நாட்களில் வெளியே கும்பல் கூடியதையும், இரவெல்லாம் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியோடு தாய் பிள்ளைகளைக் காவல் காத்ததையும் 1964-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நாடகத்தில் கும்பல் வருவதே இல்லை. குடிபோன கறுப்பினத்தவரின் வீட்டில் குண்டு வைத்த செய்தியைப் பத்திரிகையோடு கொண்டுவரும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் காட்சி ஒன்று இருந்தது. பிராட்வே மேடையேற்றத்தில் அதையும் வெட்டிவிட்டார்கள். பலரும் முடிவை மகிழ்ச்சியான முடிவு என்று கொண்டாட இந்த வெட்டும் ஒரு காரணமாக இருந்திருக்கும். சிகாகோவை ஒட்டிய சிசெரோவில் 1951-இல் ஒரே ஒரு கறுப்பினக் குடும்பம் வாடகைக்கு வந்ததற்காக ஆயிரக்கணக்கானோர் திரண்டு அந்தக் கட்டடத்தைச் சூறையாடியதை நினைவில் வைத்திருந்த பார்வையாளர், சாமான் வண்டி கிளம்புவதைக் கண்டு நிம்மதியடைந்திருக்க முடியாது.

கடைசிக் காட்சியில் எல்லாம் ஒன்றாகக் கூடிவருகின்றன. பணத்தை இழந்த வால்டர், லிண்ட்னரின் தொகையை வாங்கிக்கொள்வதென்று முடிவு செய்து அவரை வரவழைத்திருக்கிறான். பேரனை வெளியே அனுப்பாமல், அவன் பார்க்கட்டும், அவனுக்குப் புரியும்படி செய் என்கிறார் லீனா. முதல் காட்சியில் எந்தக் கண்களுக்கு முன் ஏழையாகத் தெரியக் கூடாது என்று காசை இறைத்தானோ, அந்தக் கண்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கின்றன. தடுமாறித் தடுமாறிப் பேசத் தொடங்கும் வால்டர், இந்த நாட்டில் தங்கள் குடும்பத்தின் ஆறாவது தலைமுறை இவன் என்று மகனைக் காட்டி, வீடு தன் தந்தை சம்பாதித்தது, அங்கேதான் போகிறோம் என்று முடிக்கிறான். இங்கே கருப்பொருள் எது, பாத்திரம் எது, நோக்கம் எது என்று கோடு போட்டுப் பிரிக்க முடிந்தவர்கள் பிரித்துக்கொள்ளட்டும்.

ஆனால் விடைத்தாளில் அங்கேயே நின்றுவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குப் பிறகும் நாடகம் சில நிமிடம் நடக்கிறது. தன்னைத் திருமணம் செய்துகொண்டு ஆப்பிரிக்காவுக்கு வரும்படி நைஜீரிய மாணவன் அசகாய் கேட்டிருக்கிறான் என்று பெனீத்தா சொல்ல, அந்தப் பேச்சை விடு, பணக்கார ஜார்ஜ் மர்ச்சிசனைக் கட்டிக்கொள் என்கிறான் சற்று முன் அத்தனை உயரத்தில் நின்ற அண்ணன். இருவரும் சண்டை போட்டபடியே வெளியேறுகிறார்கள். அவளுடைய படிப்புக்கான 3,000 டாலரைப் பற்றி அந்த நேரத்திலும் யாரும் வாய் திறக்கவில்லை.