நினைப்பதைக் கோடு சொல்லட்டும்

காமிக்ஸில் ஒரு பாத்திரம் மனதுக்குள் நினைப்பதைக் காட்ட மேகம் மாதிரி ஒரு பலூன் போடுவார்கள். அங்கிருந்து தலைவரைக்கும் குட்டிக் குட்டிக் குமிழிகள் இறங்கும். எழுத்துக்கூட்டிப் படித்த வயதிலேயே அது பேச்சு இல்லை, நினைப்பு என்று யாரும் சொல்லித்தராமல் புரிந்தது. 1980களிலிருந்து அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் அதை மெல்ல மெல்லக் கைவிட்டது. அந்த இடத்துக்கு வந்தவை, 'நான்' என்று தன்மையில் பேசும் வாசகப் பெட்டிகள். 1987இல் வந்த 'பேட்மேன்: இயர் ஒன்'னில் பேட்மேனாக மாறும் புரூஸ் வெய்னின் நினைப்பு சேர்த்தெழுதிய கையெழுத்தில் ஓடும், போலீஸ்காரர் கார்டனுடையது வேறு எழுத்தில் இருக்கும். நினைப்பது யார் என்று பெயர் போடவே தேவையில்லை. அருமையான வேலை, மறுக்கவில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பலூன் போய்ப் பெட்டி வந்ததே தவிர, நினைப்பு இன்னமும் வார்த்தையாகத்தான் இருக்கிறது. வெலவெலத்துப்போன ஒரு முகத்தை ஓவியர் உயிரைக் கொடுத்து வரைந்திருப்பார். அதன் தலைக்கு மேலேயே 'எனக்குப் பயமாக இருந்தது' என்று ஒரு பெட்டி. ஓவியரையும் நம்பவில்லை, வாசகரையும் நம்பவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? நாம் யாரும் முழு வாக்கியத்தில் பயப்படுவதில்லை. வயிறு பிசையும். பக்கத்தில் கேட்கும் சத்தம் எங்கோ தூரமாகும். ஒரு நொடி நகராமல் நிற்கும். இதையெல்லாம் கோட்டால் சொல்ல முடியும்.

டேவிட் மஸ்ஸுக்கெல்லியின் 'ஆஸ்டீரியோஸ் பாலிப்' (2009) நாயகன் ஒரு கட்டடக்கலைப் பேராசிரியர். மனைவியோடு சண்டை வரும்போது அவர் உடம்பு உருளையும் கூம்புமாக, உள்ளே வெறுமையான நீலக் கோடுகளாக மாறிவிடும். அவளோ நெருக்கமாக இழைத்த சிவப்புக் கீற்றுகளாகிவிடுவாள். இருவரும் இருப்பது ஒரே அறையில், ஆனால் ஒரே உலகத்தில் இல்லை. காதலித்த நாளில் அந்த நீலமும் சிவப்பும் ஒன்றுக்குள் ஒன்று கலந்ததை முன்பே பார்த்திருப்போம். அதனால்தான் இந்தப் பிரிவு அவ்வளவு வலிக்கிறது. இதை எந்தப் பெட்டிக்குள் எழுதுவது?

பலூனே கூடாது என்று சொல்லவில்லை. 'பீனட்ஸ்' காமிக்ஸில் வரும் நாய் ஸ்நூப்பிக்கு அது இல்லாவிட்டால் எப்படி? நாய் பேசாது, நினைக்கும். அங்கே பலூனுக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

எனக்கு இதில் ஆசான், அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் பெர்னார்ட் கிரிக்ஸ்டைன். 1955இல் வந்த 'மாஸ்டர் ரேஸ்' எட்டே பக்கக் கதை. நியூயார்க் பாதாள ரயிலில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், உள்ளே ஏறும் கறுப்பு உடைக்காரரைப் பார்த்து உறைந்துபோகிறார். வாசகம் 'நீ' என்று அவரை அழைத்துப் பேசுகிறது. அதை நம்பி, நாஜி வதைமுகாமிலிருந்து தப்பிவந்த அப்பாவி என்று நினைத்துக்கொண்டே படிக்கிறோம். உண்மையில் அவர்தான் அந்த முகாமின் தலைவர். திரும்பிப் போய்ப் பார்த்தால், நம்மைத் திசைதிருப்பியது எழுத்துதான். அந்த முகத்தில் முதலிலிருந்தே இருந்தது பயம் மட்டும். அது யாருடைய பயம் என்று படம் பொய் சொல்லவே இல்லை.

கடைசிப் பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஓடுகிறார், நடைமேடை விளிம்பில் கால் இடறுகிறது. ஒரே கட்டத்தில் முடித்திருக்கலாம். கிரிக்ஸ்டைன் அந்த விழுகையை ஒல்லி ஒல்லியான கட்டங்களாக நறுக்குகிறார். கை இங்கே, கால் அங்கே, இனி பிடிமானம் இல்லை. விழுகிறவரின் மனதில் அந்த நொடி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். அப்புறம் ரயில் கடந்துபோகிறது. ஜன்னல்களில் பயணிகளின் முகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இழுபடுகின்றன.

என்ன நடந்தது என்று சுற்றி நிற்பவர்கள் விசாரிக்கிறார்கள். அந்த ஆளை முன்பின் தெரியாது என்கிறார் கறுப்பு உடைக்காரர். உண்மையா, பொய்யா? எந்தப் பெட்டியும் வந்து விளக்குவதில்லை. ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.