பாட்டி ஆனால் வேலையை விட்டுவிட வேண்டுமா?

போன ஞாயிறு வீடியோ காலில் மாப்பிள்ளை கேட்கிறார்: "அத்தை, வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துட்டீங்களா?" எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று நான் யாரிடம் சொன்னேன்? விருப்ப ஓய்வு என்றுதானே அதற்குப் பெயர்? என் விருப்பத்தை இந்த வீட்டில் ஒருவராவது கேட்டீர்களா?

எனக்கு 53 வயது. மதுரையில் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து துறைத் தேர்வுகளுக்குப் படித்து வந்து சேர்ந்த நாற்காலி இது. ஓய்வு வயதை 2021இல் 60 ஆக்கிவிட்டார்கள். இன்னும் 7 வருஷம் இருக்கிறது.

பேத்தி பிறந்த அன்றைக்கே இது ஆரம்பித்துவிட்டது. மகளுக்கு சிசேரியன். ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்தபோது பல் கிட்டிக்கொண்டு உடம்பெல்லாம் நடுக்கம். அவள் பாதம் ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து நர்ஸ், "பாட்டி, பாப்பாவை வாங்கிக்கோங்க" என்கிறார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பவே இல்லை. சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் குழந்தை எத்தனை கிலோ, யார் ஜாடை என்பதுதான் பேச்சு. நடுங்கிக்கொண்டு கிடந்தது என் பிள்ளை. அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூட நேரம் கொடுக்காமல் என்னைப் பாட்டி ஆக்கிவிட்டார்கள்.

அப்புறம் 60 நாள் ஈட்டிய விடுப்பு போட்டேன். பூண்டுக் குழம்பு, பத்தியம், ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, மனசார செய்தேன். பேத்தியின் உச்சந்தலையில் மூக்கை வைத்தால் வரும் அந்தப் பால் வாசனைக்கு இன்னும் 60 நாள்கூடப் போடுவேன்.

ஆனால் வேலையையே விடு என்றால்? நாத்தனார் கேட்கிறாள், "பேத்தி வந்தாச்சு, இன்னும் என்ன அண்ணி ஆபீசு?" என் வீட்டுக்காரருக்கு 56 வயது. அவரும்தான் தாத்தா ஆகியிருக்கிறார், அவரும்தான் தினமும் வேலைக்குப் போகிறார். அவரிடம் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் இதைக் கேட்டதுண்டா?

மகளுக்கு பெங்களூரு கம்பெனியில் 26 வாரம் விடுப்பு, அடுத்த மாதம் முடிகிறது. அந்த 26 வாரத்தைக் கொடுத்த 2017 சட்டத் திருத்தமே, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆபீசில் கேட்டாயா என்றேன். "அதெல்லாம் சரிப்படாதும்மா" என்றாள். சரி, மாப்பிள்ளை லீவு கேட்டாரா? அதுவும் இல்லை. கம்பெனியிடம் கேட்கக் கூச்சம், என்னிடம் மட்டும் கேட்காமலே முடிவு! ஸ்வீடனில் 2024 ஜூலையிலிருந்து பெற்றோர் தங்கள் சம்பள விடுப்பில் ஆளுக்கு 45 நாள் வரை தாத்தா பாட்டிக்கு மாற்றிக் கொடுக்கலாம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் வேலைதான் என்று அங்கே ஒத்துக்கொள்கிறார்கள். இங்கே அது பாசம், அதனால் இலவசம்.

இந்தக் கோபத்தில் பாதி என் மேலேயேதான். 1997இல் எனக்கு 90 நாள்தான் விடுப்பு. 91ஆம் நாள் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். அம்மா அப்போது தெருப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மிஷினுக்கு உறை போட்டு மூடி, அதன் மேல் பிள்ளையின் துணிகளை மடித்து அடுக்கினாள். அதற்குப் பிறகு அந்த மிஷின் ஓடவே இல்லை. "உன் தையல் என்னம்மா ஆச்சு?" என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

மகளிடம் நேராகவே சொல்லிவிட்டேன். மாதம் இரண்டு தடவை வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறி வருகிறேன். காப்பகத்துக்கோ ஆள் வைப்பதற்கோ என் சம்பளத்திலிருந்து பாதிப் பணம் தருகிறேன். வி.ஆர்.எஸ். தாளில் கையெழுத்து மட்டும் போட மாட்டேன். "அப்போ உனக்குப் பேத்தி முக்கியமில்லையாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்தவள்தான். நான்கு நாளாகிறது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், எடுக்கவில்லை.